டம்டம் பாறை வளைவில் நின்ற பாட்டு

ஊத்து தாண்டியதும் சிக்னல் போனது.
அது வழக்கம்தான், போகட்டும்.
டம்டம் பாறைக்கு மேல் வளைவில்
தவில் ஏறிவரும் நேரம் பார்த்து
பாட்டும் நின்றது.
'இணையத்தில் இணைந்து உரிமத்தைப் புதுப்பிக்கவும்.'
பணம் கட்டி
போன மாதம் இறக்கிவைத்த பாட்டு.
பின்னால் நாற்பது மூட்டை பூம்பாறைப் பூண்டு,
விடியுமுன் வடுகபட்டி சேர வேண்டும்,
மூடுபனி, இரண்டாவது கியர்,
எந்த மரத்தில் ஏறிப் புதுப்பிக்க?

பக்கத்தில் பெருமாயி அக்கா, மூட்டைக்குச் சொந்தக்காரி, சிரித்தாள்:
"வாங்குன பாட்டா, வாடகைக்கு எடுத்ததா?"
எனக்கே தெரியவில்லை,
அதுதான் எரிச்சல்.

ஞாயிறு மழை, லோடு இல்லை.
மன்னவனூரில் டெய்சியின் ரீசார்ஜ் கடை வாசலில்
இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும்.
போனுக்குள் கடை கடையாய் ஏறி இறங்கினேன்.
ஒன்றில் லட்சக்கணக்கில் பாட்டு,
சந்தா நின்ற அன்றே அத்தனையும் ஊமை.
இன்னொன்று விலைக்கே தருகிறது,
ஐந்து போனுக்கு மேல் பாடாதாம்.
தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்த என் போனையும்
அதில் ஒன்றாக எண்ணிவைத்திருக்கிறது.
மூன்றாவது பெட்டிக்கடை மாதிரி.
நான் தேடிப்போன சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லை.
திருவேங்கடமுத்து என்று யாரோ,
கேள்விப்பட்டதில்லை,
ஒரு மணி நேர நாகஸ்வரம்
நூற்றைம்பது ரூபாய்.
கீழே பொடி எழுத்தில்:
'பூட்டு கிடையாது. வாங்கியது உங்களுடையது.'
"ஏமாத்துவானுங்க அண்ணே" என்றாள் டெய்சி.

இறங்க நாற்பது நிமிடம் ஆனது.
வண்டியில் பாடியது.
டெய்சியின் டப்பா ஸ்பீக்கரில் பாடியது.
சிம்மைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்,
பாடியது.

பூண்டு வாங்குகிறவனை நாங்கள் கேட்பதில்லை
ரசத்துக்கா ஊறுகாய்க்கா என்று.
ஒரு பல்லை அவன் ஊன்றிவைத்தால்
தன்னைப்போல் பத்துப் பல் கட்டும்.
அதற்கும் நாங்கள் காவல் போட்டதில்லை.

அடுத்த லோடில் பெருமாயி அக்கா
பெருமாள்மலை வரை கண்மூடிக் கேட்டாள்.
பிறகு, "எனக்கும் ஏத்திக் குடு."
பென்டிரைவைத் தொட்ட கை
அங்கேயே நின்றுவிட்டது.
இதற்கு முன் முடியாது என்று போன் சொல்லிவிடும்,
நான் நல்லவனாக இருந்துகொள்ளலாம்.
"நூத்தம்பது ரூவாக்கா" என்றேன்,
பாதிக் குரலில்.

காட்ரோடு வரை பேச்சில்லை.
டீக்கு நிறுத்தியபோது சுருக்குப்பையைப் பிரித்து
ஒரு நூறு ரூபாய்த் தாள்,
மூட்டையிலிருந்து ஒரு கொத்துப் பூண்டு,
டாஷ்போர்டில் வைத்தாள்.
"மீதிக்குப் பூண்டு. ஊதுற மனுசன், நெஞ்சுக்கு நல்லது."

ஐம்பதை நான் போட்டு
அவள் பேரில் ஒன்று வாங்கிவிட்டேன்.
பூண்டை எங்கே அனுப்புவது என்று
அந்தக் கடையில் எங்கும் போடவில்லை.
டாஷ்போர்டிலேயே கிடக்கிறது,
நேற்றுப் பார்த்தேன்,
பச்சையாய் முளை.