பதிமூணாவது ஆள்

பன்னிரண்டு பேருக்குத்தான் பணம்.
நான் பதிமூணாவதாக எழுந்தேன்.

அவினாசி ரோட்டு ஹோட்டல், இரண்டாவது மாடி.
யார் கல்யாணத்துக்கோ தொங்கவிட்ட
தங்கநிறத் திரையை இன்னும் கழற்றவில்லை.
அதன்கீழ் ஏழு மேசை, பச்சைத்துணி.
பாலியெஸ்டர். அவசரத்தில் தைத்தது.
தடவினாலே சொல்லிவிடுவேன்.
திருப்பூரில் துணி செக்கிங் எனக்கு,
விளக்கு மேசையில் ஓட்டை தேடும் வேலை.
கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர்.
மனுச முகத்திலும் அப்படி ஒட்ட முடிந்தால்
இந்நேரம் சொந்தவீடு கட்டியிருப்பேன்.

கையில் இரண்டு ராசா,
ஆர்ட்டின் ஒன்று, கிளாவர் ஒன்று.
மேலே பறந்துவிடாமல் என் நாலு ஓட்டைப் பட்டன்.
எதிரே பொள்ளாச்சிக் கொப்பரை மண்டி குழந்தைவேலு,
மத்தியானப் பிரியாணி ஏப்பத்தோடு
"எல்லாமுங்க" என்று தள்ளினார்.
நான் யோசிக்கவில்லை. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.
அவர் திருப்பிக் காட்டினார்: ஆஸ், ஒன்பது.
நூற்றுக்கு எழுபது என் பக்கம்.
மூன்று சீட்டு விழுந்தது, அவருக்கு உதவவில்லை.
நாலாவதும் இல்லை.
இப்போது தொண்ணூற்று மூன்று என் பக்கம்.
ஐந்தாவதை வைக்கும்போதே
டீலர் பையன் கண் என்னிடம் மன்னிப்புக் கேட்டது.

"அட சாமி" என்றார் குழந்தைவேலு.
ஜெயித்தவர் குரல் இல்லை அது.
நிறுத்தியிருந்த வண்டியை இடித்தவர் குரல்.

என்னில் எனக்கு நாற்பது பைசாதான் சொந்தம்.
பேக்கரி கிட்டுசாமிக்கு இருபது,
சாயப்பட்டறை தனபாக்கியம் அக்காவுக்கு முப்பது,
மச்சினனுக்குப் பத்து.
அவனுக்கு இன்னும் ஆட்டமே புரியாது,
தோற்றால் மட்டும் புரியும்.

போன சித்திரையில் ஈரோட்டில் மூணாவது வந்தேன்.
கோகிலவாணிக்கு வாஷிங் மெஷின்,
கிட்டுசாமி கடையில் எல்லோருக்கும் தேங்காய் பன்.
உண்மையில் அன்றைக்குக் கேவலமாக ஆடினேன்.
ஜாக்கியும் நாலும் வைத்துப் பொய் சொல்லி,
பிடிபட்டு,
பிடிபட்ட பிறகு நாலுமேல் நாலு விழுந்து பிழைத்தேன்.
யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
தப்பாட்டத்தில் வந்த மெஷின் என்று
அதில் சுற்றுகிற துணிக்கென்ன தெரியும்,
வெளுப்பாகத்தான் வருகிறது.

அதற்கப்புறம் பதினோரு போட்டி.
நோட்டுப் போட்டு எழுதுகிறேன்:
கட்டணம், பஸ், டீ.
பக்கத்தில் "சரியா ஆடினது", "தப்பா ஆடினது".
சரியில் எட்டுத் தோல்வி நிற்கிறது.
தப்பில் ஈரோடு நிற்கிறது, நிமிர்ந்து.
எந்த ஆடிட்டர் இதில் கையெழுத்துப் போடுவார்?

போனில் கோகிலவாணி கேட்டாள்:
"ஏனுங்க, அந்தப் பன்னெண்டாவது ஆளுக்கு எவ்வளவுங்க?"
கட்டின காசும் மேலே ஆயிரமும் என்றேன்.
"அந்த ஆயிரத்துக்கா இத்தனை ரோசனை?
வரும்போது தோசைமாவு வாங்கிட்டு வாங்க."

படியிறங்கும்போது பின்னால் மூச்சு வாங்கும் சத்தம்.
குழந்தைவேலு, சிப்பையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு.
"உங்க பட்டனுங்க. மேசைமேலயே மறந்துட்டீங்க."
கொடுத்தும் போகவில்லை.
"நான் தள்ளியிருக்கக் கூடாதுங்க. தெரியும்."
"போச்சாதுங்க" என்றேன்.
சொன்ன பிறகுதான் பார்த்தேன்,
பாதி நிசமாகவே சொல்லியிருந்தேன்.
மேலே அவர் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள்.
ஓடினார், தொப்பையைப் பிடித்துக்கொண்டு.

பஸ்ஸில் ஜன்னலோரம்.
நாலு ஆஸில் ஒன்று அவர் கையில்.
மிச்சம் மூன்று.
பார்க்காத சீட்டு நாற்பத்து நாலு.
நாற்பத்து நாலில் மூன்று.
கருமத்தம்பட்டி வரை நாற்பத்து நாலில் மூன்று.
தெக்கலூரிலும் அதேதான்,
கணக்கு மாறவில்லை, ஊர்தான் மாறிற்று.

"டிக்கெட்டுங்க."
பையைத் துழாவிச் சில்லறை கொடுத்தேன்.
கண்டக்டர் விளக்குப் பக்கம் கையைத் திருப்பிப் பார்த்து
ஒன்றை மட்டும் திருப்பித் தந்தார்.
"இது செல்லாதுங்ணா."

போனில் கிட்டுசாமி:
அடுத்த ஞாயிறு சேலந்தானே,
எனக்கு இருபது வெச்சிரு.