நான்காவது லைன்

மேசையில் பில்லை விரித்து வைத்தேன்.
நூற்று எண்பத்தேழு டாலர்.
அதன் அடியில் எறும்பு வரிசையாய்ச் சில்லறை வரிகள்:
அவசர உதவிக்கு இவ்வளவு, நிர்வாகத்துக்கு இவ்வளவு,
எதற்கென்றே சொல்லாமல் ஒரு டாலர் பதினான்கு சென்ட்.
யானை அசைந்து தின்னும்,
வீடு அசையாமல் தின்னும்.
இது சட்டைப்பையில் அதிர்ந்து அதிர்ந்து தின்கிறது.

ஈரி நகரில் பிப்ரவரி. ஏரி உறைந்துவிட்டது.
வெஸ் பள்ளி விட்டதும் நூலகத்து வாசலில் நிற்கிறான்,
கையுறைக்கு வெளியே ஒற்றை விரலோடு,
பூட்டிய கதவைத் தாண்டிக் கசியும் வைஃபைக்காக.
கோரின் மாதத்தின் பத்து ஜிபியை
ஒன்பதாம் தேதிக்குள் முடித்துவிட்டு
"நான் எதுவுமே பார்க்கலம்மா" என்கிறாள்,
இமையில் புதுசாய்க் கற்ற வெள்ளிப் பூச்சு மின்ன.

மலிவான கம்பெனி ஒன்றுக்கு
முதலில் என் எண்ணை மட்டும் மாற்றிப் பார்த்தேன்.
பதினைந்தே டாலர்.
வீட்டில் நான்கு கோடும் நிமிர்ந்து நின்றன.
பன்னிரண்டாம் தெரு தாண்டி
பிளாஸ்டிக் ஆலைக்குள் கார் நுழைந்ததும்
ஒவ்வொன்றாய் உட்கார்ந்துவிட்டன.
மூன்றாம் நாள் இரவு வெஸ்ஸுக்கு இழுப்பு.
நான் ஷாம்பு மூடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கோரின் பதினோரு முறை அழைத்திருக்கிறாள்.
காலை ஆறு மணிக்கு, பாலத்தருகே,
பதினொன்றும் மொத்தமாய் வந்து விழுந்தன.
வீட்டில் அவன் கிண்ணத்துப் பாலைக் குடித்துக்கொண்டிருந்தான்.
அன்றே பழைய கம்பெனிக்குத் திரும்பினேன்,
பழைய விலைக்கும்.

பீச் தெருக் கடையில் அந்தப் பெண்ணுக்கு
இருபது வயதிருக்கும். பெயர்ப்பட்டையில் நர்பதா.
"மூன்று லைன். நான், பெண், பையன்."
தட்டினாள். மூன்றென்றால் நூற்றிருபது.
நான்கென்றால் நூறு.
"தப்பாய்த் தட்டிவிட்டாய்."
மறுபடி தட்டினாள். அதே நூறு.
"ஒருவரை நீக்கினால் பில் ஏறும்" என்றாள், வருத்தத்தோடு.
"எங்கள் வீட்டில் எட்டு லைன்.
சித்தப்பா ஆக்ரனில் இருக்கிறார். பில்லில் எங்களோடுதான்."

எங்கள் நான்காவது ஆள்
அக்டோபரில் தானாகவே நீங்கிப் போனான்.
பஃபலோவில் இருக்கிறான், தொண்ணூறு மைல் தள்ளி,
தரைவிரிப்பு விற்கும் ஒருத்தியோடு.
சவரக்கத்தி, தூண்டில், நல்ல வாணலி
எல்லாம் எடுத்துப் போனவன்
எண்ணை மட்டும் என் கணக்கில் விட்டுப்போயிருக்கிறான்.
பத்தொன்பது வருஷத்தில்
கர்ட்டால் மாதம் இருபது டாலர் மிச்சமாவது
இதுதான் முதல் தடவை.

எண்களைச் சரிபார்க்கப் பழைய பில்லைக் கேட்டாள்.
கடைசிப் பக்கத்தை நான் இதுவரை புரட்டியதில்லை.
அவன் எண்ணிலிருந்து:
ஞாயிறு, 6:02, ஒன்பது நிமிடம்.
ஞாயிறு, 6:01, எட்டு நிமிடம்.
ஞாயிறு, 6:02, பதினான்கு.
எல்லாம் வெஸ்ஸின் எண்ணுக்கு.
ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத்தான்
வெஸ் குப்பை கொட்டப் போவான்.
சொல்லாமலே போவான்.
மூக்கு சிவந்து திரும்புவான்.
நல்ல பிள்ளை என்று நினைத்திருந்தேன்.
நல்ல பிள்ளைதான்.

"ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பெயர் வைக்கலாம்,
பில் படிக்கச் சுலபம்" என்றாள் நர்பதா.
ரொவீனா. கோரின். வெஸ்.
நான்காவதுக்கு அவள் விரல் காத்திருந்தது.
"தள்ளுபடி" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. அப்படியே அடித்தாள்.

வெளியே, கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டுகிறேன்.
இன்று ஞாயிறு. ஆறடிக்க ஐந்து நிமிடம்.
வீட்டுக்கு எட்டே நிமிடம்.
ஒரு பக்கம் சுரண்டியாயிற்று.
இன்னொரு பக்கமும் சுரண்டுகிறேன்,
பின் கண்ணாடியையும்,
யாரும் துடைக்காத விளக்குகளையும்.
குப்பைப் பையோடு ஒருவன்
படியிறங்கட்டும்.