சன்னல் பக்கம்

சுகிர்தா, ரிக்கற் வாங்கினா மட்டும் காணாது.
இத்தாலியில மேடையில ஒரு மெசின் நிக்கும்,
அதுக்குள்ள விட்டுக் குத்தவேணும்.
தண்டம் கட்டினவன் சொல்லுறன்.
ஞாயிறில ஜேர்மன்காரன் கடை திறவான்,
சனி பின்னேரமே பாண் வாங்கி வை.
புதுச் சப்பாத்தோட வெளிக்கிடாத;
பனிக்கன்குளம் மட்டும் போட்டு நடந்து
கால் கடிக்குதோ எண்டு பார்.
பாஸ்போட் ஒரு பையில,
அதின்ர கொப்பி வேற பையில.

எந்த ஊர் வடிவு எண்டு கேக்கிறாய்.
உன்ர சைக்கிள் ரியூபை
வாளித் தண்ணிக்குள்ள அமத்திப் பிடிக்கிறன்.
குமிழி இன்னும் வருது.

ஒஸ்ரியாவை நான்
தக்காளிப் பெட்டியளுக்கு நடுவில கிடந்து கடந்தனான்.
தார்ப்பாயில விரல் போற ஓட்டை.
அதுக்குள்ளால அரை மலை,
கொஞ்சம் பனி.
எங்கயோ கிட்ட ஒரு மாட்டு மணி.
"போடர்" எண்டான் ஆரோ.
ஏழு பேரும் மூச்சை நிப்பாட்டினம்.
மணி மட்டும் நிக்கேல்லை.

உனக்கு விசா இருக்கு,
பகல் ரெயினெடு. சன்னல் பக்கம் இரு.
விரும்பின இடத்தில இறங்கு.

அந்த மாடு என்ன நிறம் எண்டு
பாத்து எழுது.
ரியூபுக்குக் காசு வேண்டாம்.