சய இரண்டு தசம் எட்டு

வின்னிப்பெக்கில் சய எண்ணுக்கு யாரும் மிரள்வதில்லை.
சனவரியில் வானொலி
சய முப்பத்தொன்று என்று சொல்லும்.
நாங்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு
காரில் உறைந்ததைச் சுரண்டப் போவோம்.

அதனால்தான் டொக்டர் திரையைத் திருப்பி
என் இடுப்பெலும்பு
சய இரண்டு தசம் எட்டு என்றபோது
அவ்வளவுதானா என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஒரு கிழமை சோபாவை விட்டு எழும்பவில்லை.
தும்மவும் பயம்.
"இருந்தால் இன்னும் கரையும்,
எலும்புக்குப் பாரம் தெரியவேணும்" என்றாள் மரிவிக்,
பயிற்சி சொல்லித்தரும் பிலிப்பீன்ஸ்காரி.
ஒரு பேனையை நிலத்தில் போட்டு
எடுக்கச் சொன்னாள்.
எடுத்தேன்,
அறுபத்திரண்டு வருடமாய் எடுத்த மாதிரி.
"இப்படித்தான் முள்ளெலும்பு நொறுங்கும்."
முதுகு பலகையாய் நிற்க,
பின்பக்கம் பின்னே போக,
முழங்கால் மடிய,
இடுப்பில் மட்டும் ஒரு கீல்.
ஏழு தரம் அந்தப் பேனையை விழுத்தினாள்.

வளைந்து கொடுத்துப் போ என்று
கலியாணத்தன்று மாமி சொன்னா.
தையல் ஆலையில் மேற்பார்வையாளனும் சொன்னான்,
ஆங்கிலத்தில்.
இப்போது கையெழுத்து வைத்த தாள் ஒன்று
ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது:
முதுகு வளையக் கூடாது.
பாரத்தோடு முறுகித் திரும்பக் கூடாது.
விழவே கூடாது.
(மச்சாள் ஆட்கள் வந்தால்
விழுந்து விழுந்து கவனிப்பேனே,
அதைக் கேட்க மறந்துவிட்டேன்.)

கேத்தல் கொதிக்கும் நேரம் என்னுடையது.
தொட்டி விளிம்பில் விரல்நுனி.
குதிக்கால் மேலே, மெல்லக் கீழே,
பதினைந்து தரம்.
பிறகு ஒற்றைக் கால்.

எனக்கு இது வேணும் என்று
நான் ஒருநாளும் ஒற்றைக்காலில் நின்றதில்லை.
நாட்டை விடும்போதும் இல்லை,
சாம்பல் நிறக் கம்பளம் வாங்கும்போதும் இல்லை.
யன்னலுக்கு வெளியே
குளிருக்கு உப்பிய குருவி ஒன்று
வேலியில் அப்படியே நிற்கிறது.
அதற்கு யார் எழுதிக் கொடுத்தது?

"இஞ்சருங்கோ,
அடித்தட்டில இருக்கிற பெரிய சட்டியை
ஒருக்கா எடுத்துத் தாரும்."
குகதாசன், பின்னால்.

பதினெட்டு. பத்தொன்பது.

கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
அவரே குனிகிறார்.
முழங்கால் மடக்கென்று முறிகிற சத்தம்,
ஐயோ முருகா,
சட்டிகள் சரிகிற சத்தம்.

இருபத்து மூன்று.
மற்றக் கால் இன்னும் இருக்கிறது.