நாற்பத்தொரு சிவப்புக் கோடுகள்

வால்டிவியாவில் ஜூன் மாதம் மழை பெய்வதில்லை,
குடியிருக்கிறது.
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவை அறையை ஒட்டி
எனக்கொரு கணினி, ஒரு ஹீட்டர்,
ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கவாத நோயாளிகள்.
பெயர்கள் இல்லை, எண்கள்தாம்.
ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சரம்:
வாசல் 11:05, பதிவு 11:21,
மருத்துவர், ஸ்கேன், ஊசி, படுக்கை.
சில சரங்கள் நடுவிலேயே அறுந்திருக்கும்.

நெறிமுறை ஒரே பக்கம்.
ஆறு பெட்டி, ஐந்து அம்பு,
வாசலிலிருந்து ஊசிவரை அறுபது நிமிடம்.
எல்லா வார்டிலும் ஒட்டியிருக்கிறார்கள்,
என் அறைப் பிரதியில் காபிக் கறை.

நடந்ததை நடந்தபடி வரை என்று
நிரலை ஓடவிட்டேன்.
இடியாப்பம் பிழிந்து வைத்தது.
ஸ்கேனிலிருந்து பதிவுக்குத் திரும்பும் கோடு,
பதிவிலிருந்து பதிவுக்கே சுற்றும் கோடு
(காப்பீட்டு அட்டை வீட்டில் கிடந்திருக்கும்),
ஊசிக்குப் பிறகு முதல் ஸ்கேன் என்றொரு கோடு.
யாரோ தாமதமாகத் தட்டச்சியது அது.
அப்படித்தான் நம்புகிறேன்.

மெல்லியவற்றை வடிகட்டினேன்.
மிஞ்சியது ஒரே ராஜபாட்டை,
பெட்டிக்குப் பெட்டி அம்பு பிசகாமல்.
சராசரி எழுபத்தொரு நிமிடம்.
சொன்னபடி நடந்தவர்கள்தாம்
சொன்ன நேரத்தைத் தாண்டியிருந்தார்கள்.

வடிகட்டியதைத் திரும்பக் கொட்டிப் பார்த்தேன்.
கப்பியோடு கப்பியாகக் கிடந்தன நாற்பத்தொன்று.
வாசல், நேரே ஸ்கேன், பதிவெல்லாம் பிறகு.
மென்பொருள் அவற்றுக்குச் சிவப்படித்து
விலகல் என்று பெயரிட்டிருந்தது.
முப்பத்தெட்டு நிமிடம்.

யார் வேலை இது?
பயனர் குறியீடுகளில் ஏழு நர்சுகள், மூன்று மருத்துவர்கள்,
ஒருவருக்கொருவர் தொடர்பில்லை.
கைப்பட எழுதிய இரவுப் பணி அட்டவணையைக் கேட்டு வாங்கி
விரல் வைத்துப் படித்தேன்.
நாற்பத்தோர் இரவிலும் ஒரே பெயர்.
எலேயுதேரியோ வென்சுமான், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்.
என் தரவில் அவர் எங்குமே இல்லை.
ஸ்ட்ரெச்சர் தள்ளக் கடவுச்சொல் எதற்கு?

"வாய் கோணியிருந்தால் கவுண்டரில் நிறுத்தமாட்டேன்.
சமையலறை வழியாகப் போனால்
லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம்" என்றார்.
அவ்வளவுதான் அவருடைய நெறிமுறை.

இதோடு முடித்திருந்தால் நல்ல அறிக்கை.
ஆனால் நாற்பத்தொன்றில் ஒன்று 0877.
வாசல் 02:14. ஸ்கேன் 02:23. ஊசி 02:40,
அந்த ஆண்டின் மிக வேகமான ஊசி.
04:30க்கு மறுபடி ஸ்கேன்.
06:50க்குப் பிறகு வரிசை இல்லை.
இடையில் ஒரு வரி: பதிவு 02:51.
பதிவு மேசையின் ஒன்பதாவது கேள்வி,
ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?
ஆம் என்றிருக்கிறாள் மகள்.
மேசையில் கேட்டிருப்பார்கள் என்று மருத்துவர் நினைத்திருக்கிறார்.
மேசை அப்போது இன்னும் வாய் திறக்கவில்லை.

எலேயுதேரியோவிடம் எண்ணைச் சொன்னேன். விளங்கவில்லை.
தேதியைச் சொன்னேன்.
"செருப்பில்லாமல் ஓடிவந்தாளே, அந்தப் பெண்ணின் அப்பாவா?"
என் தரவில் செருப்புக்குப் பத்தி இல்லை.
அவர் வெகுநேரம் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழு மூன்று வாரம் சண்டையிட்டது.
டாக்டர் ஒபாந்தோ பழைய அம்பைத் தொடக்கூடாதென்றார்,
பிறகு தானே ரப்பரை எடுத்தார்.
இப்போது நெறிமுறையில் வாசலிலிருந்து ஸ்கேனுக்கு நேர்க்கோடு.
கோட்டின்மேல் பொடி எழுத்தில் அந்த ஒன்பதாவது கேள்வி,
ஸ்ட்ரெச்சர் நகரும்போதே கேட்க வேண்டும்.
கேட்கிறார் எலேயுதேரியோ,
மூச்சிரைக்க, சமையலறைத் தாழ்வாரத்தில்,
சூப் வாசனைக்கு நடுவில்.

ஆகஸ்ட் தரவு நேற்று வந்தது.
'கேட்டவர்' என்று புதிய பத்தி.
குறியீடு இல்லாமல் அது நிரம்பாது.
அவருக்குக் குறியீடு இல்லை.
ஆகவே 03:08க்குக் கேட்டவர் நர்ஸ் யாஸ்னா,
அதே 03:08க்கு மூன்றாம் மாடியில்
வேறொருவருக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்த யாஸ்னா.
மென்பொருள் அதைச் சிவப்பில் வட்டமிட்டு
'பிழை, நீக்கவா?' என்கிறது.
இன்னும் பதில் சொல்லவில்லை.