பத்து மீட்டர்

பைன்டவுன் ஏலத்தில் எடுத்த போலோ.
தவணை தவறியவரிடமிருந்து வங்கி இழுத்து வந்தது என்று
விற்றவன் சொல்லவில்லை,
விலை சொன்னது.
மூன்று முறை கழுவியும்
பின் இருக்கையில் மசாலா வாசம் போகவில்லை.

முதல் நாளே என் போனைக் கோர்க்கப் பார்த்தேன்.
இடமில்லை என்றது திரை.
ஐந்து பேரைத்தான் அதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியும்,
ஐந்தும் நிறைந்திருந்தன:
யுகேஷ்னி
தேவன் பழசு
தேவன் புதுசு
சமோசா ஆர்டர்
கடைசியாக ஒன்று, பெயரில்லாமல், வெறும் எண்களாக.
யாரோ ஒருமுறை ஏறி இறங்கியிருப்பார்கள்.

நீக்கவா என்று கேட்டது.
பெயரில்லாததை நீக்கிவிட்டு
அங்கே நான் உட்கார்ந்தேன்.
மற்ற நால்வரை விட்டுவைத்தது பெரிய மனசால் அல்ல.
டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும்
சாவியைத் திருப்பியதும் அவளைத்தான் முதலில் தேடும்.
யுகேஷ்னி, தேடுகிறது.
யுகேஷ்னி, தேடுகிறது.
பத்து மீட்டர் வரைதான் எட்டும் என்று போட்டிருந்தது கையேட்டில்.
அந்தப் பத்து மீட்டரையும் துழாவி, அலுத்து,
பிறகு என்னிடம் வரும்.
இரண்டாம் தாரமாய் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு
அந்தச் சில விநாடிகள் தெரியும்.

ஜூன் மாதக் குளிரில் ஒரு வெள்ளிக்கிழமை.
இரவு டியூட்டி முடித்து சாட்ஸ்வொர்த் திரும்புகிறேன்,
என் போன் எப்போதோ செத்துவிட்டது.
ஹைவேயிலிருந்து இறங்கும் இடத்தில் ரோபோ சிவப்பு.
எங்கள் ஊரில் சிக்னலுக்கு ரோபோ என்றுதான் பேர்,
கையும் காலும் கிடையாது,
மூன்று கண் மட்டும்.
தூக்கக் கலக்கத்தில் கிளட்சை விட்டேன்.
வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.
பின்னால் மினிபஸ்காரன் ஹாரனாலேயே திட்டினான்.
சாவியைத் திருப்பினேன்.

யுகேஷ்னி, என்றது.
தேடவில்லை.
இணைந்தது.

நான்கு கதவுகளிலிருந்தும் ஓர் ஆண் குரல்,
சோப்புப் போட்டுக் கழுவிய குரல்:
"ஏலத்தில் போனது போக, மேடம்,
பாக்கி நாற்பத்தோராயிரம் ரேண்ட்.
இந்த மாதம் எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்."

பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி
போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.
உதறினாள், மறுபடி வைத்தாள்.
ஹலோ ஹலோ என்று உதடு மட்டும் அசைந்தது.
காலடியில் இரண்டு ஐஸ்கிரீம் டப்பா, துணி போட்டு மூடி.
கண்ணாடியை இறக்காமலே எனக்கு அந்த வாசம் தெரியும்.
நம்பர் பிளேட் மாறிவிட்டதால்
வண்டியை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
வண்டிக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், இருக்கிறீர்களா?"

"ராங் நம்பர்," என்றேன்.

"இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தீர்களே மேடம்."

ஸ்டியரிங்கில் இருந்த சிவப்பு பொத்தானை அழுத்தினேன்.
வெளியே அவள் போனைப் பார்த்து,
தப்பித்தது போல,
அல்லது அப்படி நான் நினைத்துக்கொண்டேன்,
டப்பாக்களைக் குனிந்து சரிசெய்தாள்.
பச்சை விழுந்தது.
ஐந்து மீட்டர், எட்டு, பத்து.
கையேடு சொன்ன எல்லையைத் தாண்டியும் விடவில்லை,
பெட்ரோல் பங்க் வரை பிடித்துக்கொண்டே வந்து
அங்கேதான் அறுந்தது.

சாயங்காலம் எழுந்து, பல்கூட விளக்காமல் இறங்கிப் போய்
நான்கு பெயரையும் நீக்கினேன்.
பழைய எஜமானியின் சத்தம் கேட்டதும் ஓடுகிற நாயை
எத்தனை நாள் பிடித்து வைத்திருப்பது?

இப்போது சாவியைத் திருப்பினால் நேரே என்னிடம் வருகிறது.
அந்த ரோபோ பக்கம் நான் போவதில்லை,
சுற்றுவழியில் நாலு கிலோமீட்டர் கூடுதல்.
கேட்பவர்களிடம் சாலை வேலை நடக்கிறது என்கிறேன்.
மழை நாளில் கண்ணாடி ஏற்றிவிட்டால்
பின் இருக்கையிலிருந்து மெல்லக் கிளம்பி வருகிறது
எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்று.
அதற்கு நீக்கவா என்று யாரும் கேட்பதில்லை.