மாவு மில்

அவன் நம்பரை என் போனில்
‘மாவு மில்’ என்று போட்டு வைத்திருந்தேன்.
பிள்ளைகள் எடுத்துப் பார்க்கிற போன்.
‘அம்மா, மாவு மில் கூப்பிடுது’ என்று
சின்னவள் கொண்டுவந்து நீட்டுவாள்.
கையைத் துடைத்துக்கொண்டு
பொதுக்குழாய் மூலைவரை நடப்பேன்,
கோதுமையைப் பற்றிப் பேசப் போகிறவள் மாதிரி.

முதல் மாதம் மேடம் என்றான்.
மூன்றாம் மாதம் பாயி என்றான்.
ஐந்தாம் மாதம் என்னைக் கூப்பிட ஒரு வார்த்தையும் இல்லை,
எடுத்ததுமே தொகைதான்.

தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை.
அதன் டெபாசிட்டுக்கு மூன்று இடத்தில் வாங்கினோம்.
பால்பாண்டியிடம் நூற்றுக்கு ஐந்து,
போனில் கட்டைவிரல் வைத்து நாற்பதாயிரம்,
விக்ரோலியில் என் அண்ணனிடம்
வாய்ச்சொல்லுக்கு முப்பது.
‘உங்க அண்ணனுக்கு முதல்ல குடுத்திருவோம்,
மூஞ்சில முழிக்க முடியல’ என்றார் இவர்.
‘மூஞ்சிக்கு வட்டி கிடையாது,
பால்பாண்டிக்கு உண்டு’ என்றேன்.
அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.
இந்த அறையில் கோபித்துக்கொண்டு போக
சுவர்ப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது.

சிலிண்டரில் சாக்பீஸால் தேதி எழுதினேன்.
முப்பத்தெட்டு நாள் வந்தது
நாற்பத்தொன்பது நாள் வந்தது.
எப்படி என்று
பருப்பை இரவே ஊறப்போட்டவளுக்குத் தெரியும்.
அவர் இரண்டாவது கட்டிங் சாயை விட்டார்,
பிறகு முதலாவதையும்.
சயான் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ கிடையாது, நடைதான்.
தேய்ந்த செருப்பை நான் கணக்கில் எழுதவில்லை.
எழுதியிருந்தால்
ஆட்டோவே லாபம் என்று வந்திருக்கும்.

சித்தி மகள் கல்யாணத்துக்கு
வெயிட்டிங் லிஸ்ட் நாற்பத்தேழு என்று சொல்லிவிட்டோம்.
டிக்கெட்டே போடவில்லை.
அன்றிரவு போட்டோ அனுப்பியிருந்தார்கள்.
முதலில் எல்லோருடைய கழுத்தையும் பார்த்தேன்,
அப்புறம்தான் முகங்களை.

பீஸுக்கு ஒன்றேகால் ரூபாய்,
ஜீன்ஸ் பேன்ட்டில் தொங்குகிற நூலை வெட்ட வேண்டும்.
சோறு பிசைந்தாலும் நகக்கண்ணில் நீலம் இருக்கும்.
பெரியவன் ஜெபஸ்டின் பரீட்சை முடிந்த கையோடு
கத்தரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.
‘ஒரு தவணைக்கு ரெண்டாயிரத்து நூறு பேன்ட்மா.’
‘தவணை ஒனக்கு எப்படிலே தெரியும்?’
நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:
‘மாவு மில்காரன்ட்ட பேசிட்டு வந்து
யாராச்சும் அழுவாங்களா?’

அதற்குப் பிறகு நான் குழாய் மூலைக்குப் போகவில்லை.
வீட்டுக்குள்ளேயே நின்று,
பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்க,
‘பதினாலாம் தேதி தருவேன்,
அதுக்கு முன்னால தர மாட்டேன்’
என்று என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன்.
சின்னவள் ஊறுகாய் கேட்டாள்.
உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை.

பால்பாண்டி பத்திரத்தைக் கிழித்த அன்று
ஒரு ரூபாயாவது விட்டுக்கொடுப்பான் என்று நினைத்தேன்.
விடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான்.
போன் கடனின் பதினெட்டாவது தவணை
ஒரு ஆகஸ்ட் மழையில், கரண்ட் இல்லாத மதியத்தில் முடிந்தது.
முடிந்ததென்று ஒரு மெசேஜ்.
அதை நாலு பேரும் ஒரு முறை படித்தோம்.

ஒன்பதாம் நாள்
‘அம்மா, மாவு மில்!’
‘மேடம்’ என்றான்.
அதே குரல், தேன் தடவி வந்திருந்தது.
எங்களைப் போன்ற நல்ல கஸ்டமருக்கு
எண்பதாயிரம் தயாராக இருக்கிறதாம்.
காகிதம்கூட வேண்டாமாம்.
எண்பதாயிரம் என்றதும்
கழுத்து ஒரு நொடி கனத்தது, பொய் சொல்ல மாட்டேன்.
‘அரைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லைய்யா’ என்றேன்.
தமிழில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
‘ஜி?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அண்ணனுக்கு இன்னும் பதினோராயிரம் பாக்கி.
அவன் ஒரு நாளும் கேட்டதில்லை,
அதுதான் தூக்கத்தில் வந்து நிற்கிறது.
இவர் இப்போது சுவர்ப் பக்கம் படுப்பதில்லை.
நாளைக் காலைக்குள் நூற்றிப்பத்து பேன்ட்.
லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புலே.